ஏழு மணிச் சோறு

என் பையில் பிரஷர் மெஷின், சுகர் மெஷின், ஸ்ட்ரிப் டப்பா, ஊசி, பஞ்சு, மாத்திரை அட்டைகள், கோடு போட்ட நோட்டு ஒன்று, இவ்வளவும் இருக்கும். கூடவே தையல்காரர் கழுத்தில் கிடக்குமே, அந்த மாதிரி ஒரு டேப். மற்றதெல்லாம் வேலைக்காகக் கொடுத்தது. டேப் நானாக உளுந்தூர்பேட்டையில் வாங்கியது. எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு எலவனாசூர்கோட்டைத் தெருக்களில் நாளெல்லாம் நடக்க முடியாது. தரை சமமாக இல்லாவிட்டால் அது ஒரு வீட்டில் ஒன்று காட்டும், அடுத்த வீட்டில் வேறொன்று காட்டும். டேப் அப்படிச் செய்யாது. இடுப்பைச் சுற்றிப் பிடித்து, மூச்சை விட்டதும் எண்ணைப் படித்தால் போதும். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. நம் நாட்டு உடம்புக்கு வைத்திருக்கும் வரம்பு அதுதான்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள். பிறகு அது எங்கள் பக்கத்துக்கும் வந்தபோது மகளிர் குழுவிலிருந்து என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். வீடு வீடாகப் போய் சுகரும் பிரஷரும் பார்ப்பது, மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பது, அளவு மீறியவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. நான் நர்ஸ் படிப்பு படித்தவள் இல்லை. தெரிந்ததெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததும், இத்தனை வருடம் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து கேட்டதும்தான்.

டேப் வாங்கிய அன்று ராத்திரி முதலில் என்னைத்தான் அளந்தேன். 98. ஆரம்ப சுகாதார நிலையத்து மெஷினில் எடை 78 கிலோ, உயரம் 152 சென்டிமீட்டர். பிரஷர் 150-க்கு 94. அதற்கு முந்தின வாரம்தான் கீழைத்தெருவில் ஒரு ஆயா, கையை என்னிடம் நீட்டியபடியே, "எனக்கு இத்தினி சொல்றியே, நீ ஒடம்ப பாத்துக்கிறியா தாயி?" என்று கேட்டிருந்தார். கேலி இல்லை, கரிசனம். வீட்டுக்கு வந்தும் அது காதிலேயே நின்றது. தமிழ்நாட்டில் நூறு பெண்களில் 40 பேருக்கு எடை அளவுக்கு மேல் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது. அந்த நாற்பதில் ஒருத்தியாக இருந்துகொண்டு மற்றவர்களுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கூட்டம் ஒன்றில் ஒரு டாக்டர் சச்சின் பாண்டாவைப் பற்றிச் சொன்னார். ஒடிசாக்காரர், அமெரிக்காவில் சால்க் ஆய்வு நிலையத்தில் இருப்பவர். 156 பேரிடம், வாயில் எது போட்டாலும் செல்போனில் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். அதில் பாதிப் பேர் ஒரு நாளில் 14 மணி 45 நிமிடத்துக்கும் மேலாகச் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். 2015-இல் வெளிவந்த ஆய்வு. அன்று சாயங்காலம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் நாளை எழுதினேன். காலை 5 மணிக்கு டீ. 7 மணிக்கு டீயும் பிஸ்கட்டும். 9 மணிக்கு இட்லி. 11 மணிக்கு ஒரு வீட்டில் டீ. 2 மணிக்குச் சோறு. நாலரைக்கு டீ, பஜ்ஜி. சீரியல் முடிந்து ஒன்பதரைக்கு மறுபடியும் சோறு. பதினாறரை மணி நேரம். எவ்வளவு சாப்பிடுகிறேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எவ்வளவு நேரம் சாப்பிடுகிறேன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அதற்குப் பிறகு நான் பார்க்கும் எல்லோரிடமும் முதலில் கேட்பது அதுதான். "மொத வாய் எப்ப, கடசி வாய் எப்ப?" என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் ஆட்கள் கூச்சப்படுவார்கள், குறைத்துச் சொல்வார்கள். நேரத்தைக் கேட்டால் யாரும் மறைப்பதில்லை.

நான் செய்தது இவ்வளவுதான்: ராத்திரிச் சோற்றை ஏழு மணிக்கு இழுத்தேன். மறுநாள் காலை ஒன்பதுக்குத்தான் அடுத்தது. நடுவில் தண்ணீர், காலையில் சர்க்கரை இல்லாத வரடீ. பதினாலு மணி நேரம். பதினாறு, பதினெட்டு என்று போனில் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வதும் இதுதான்: பதினாலில் ஒரு மாதம் இருங்கள், பிறகு பேசலாம். முதல் வாரம் தலைவலி வந்தது. பசியால் வந்தது என்று நினைத்தேன். நாலு டீ இரண்டானதும், தண்ணீர் போதாததும்தான் காரணம். பசிக்கு மணி தெரியும். ஒன்பதரைக்குச் சோறு போட்டுப் பழக்கிய வயிறு சரியாக ஒன்பதரைக்குக் கேட்கும். அரை மணி நேரம் பொறுத்தால் அடங்கிவிடும். பத்து நாள் போனபின் ஒன்பதரைக்குக் கேட்பதையே விட்டுவிட்டது.

ஒன்றரை மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது. நாலாவது மாதம் 71-க்கு வந்து நின்றுவிட்டது. இரண்டு மாதம் அசையவில்லை. அதே சமயத்தில் தலை சீவினால் சீப்பு நிறைய முடி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. எடை குறைந்தும் ஏன் இப்படி என்று பயந்து ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 9.2. "ரெண்டு வேளையும் என்னம்மா சாப்பிடறீங்க?" என்று டாக்டர் கேட்டார். சோறு, ரசம், ஒரு துண்டு ஊறுகாய். காலையில் இட்லி. நேரத்தைச் சுருக்கினேனே தவிர, அந்த நேரத்துக்குள் உடம்புக்கு வேண்டியதை வைக்கவில்லை. கொழுப்போடு சேர்ந்து சதையும் கரைந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 2020-இல் ஒரு ஆய்வு வந்தது. 116 பேர், 12 வாரம். மதியம் 12-லிருந்து ராத்திரி 8 வரை மட்டும் சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக ஒரு கிலோகூட முழுதாகக் குறையவில்லை. குறைந்ததிலும் பெரும்பங்கு சதைதான். 2022-இல் சீனாவின் குவாங்சோ நகரத்தில் 139 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி குறைத்த சாப்பாடு. பாதிப் பேர் காலை 8-லிருந்து மாலை 4-க்குள், மற்றவர்கள் இஷ்டப்பட்ட நேரத்தில். நேரம் பார்த்துச் சாப்பிட்டவர்களுக்கு 8 கிலோ குறைந்தது, மற்றவர்களுக்கு 6.3 கிலோ. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது என்றார்கள். கடிகாரத்துக்கென்று தனி மாயம் எதுவும் கிடையாது. அது ஒரு வேலி. வேலிக்குள் என்ன நட்டிருக்கிறோம் என்பதுதான் விளைச்சல். ஆனாலும் நான் அந்த வேலியை விடவில்லை. கலோரி எண்ண எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. மணி பார்க்க எல்லோருக்கும் தெரியும்.

சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் இரண்டு முட்டை வைத்தேன். ஒரு நாள் கொள்ளு, ஒரு நாள் மொச்சை, வேகவைத்த மல்லாட்டை ஒரு கை. முருங்கைக்கீரை வாரத்துக்கு மூன்று நாள். அது எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே இருக்கிறது. இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். கல்வராயன் மலைச் சாமை நல்லதென்று சிலர் வாங்கி வந்து வடித்துத் தட்டு நிறையச் சாப்பிடுகிறார்கள். சாமை நல்லதுதான், நானும் சாப்பிடுகிறேன். அதுவும் மாவுச்சத்துதான் என்பதை மறந்துவிடக் கூடாது. எட்டாவது மாதம் முடி கொட்டுவது நின்றது, எடையும் மறுபடி இறங்கியது. பதினாலு மாதத்தில் 66 கிலோ. இடுப்பு 87. இன்னும் வரம்புக்கு மேல்தான். பிரஷர் 128-க்கு 82.

இனி சொல்லப்போவது நான் செய்த தவறு. என் எடை குறைந்ததைப் பார்த்துத் தெருவில் ஆளாளுக்குக் கேட்டார்கள். நானும் சந்தோஷத்தில் சொல்லிக்கொண்டே போனேன். 2022 புரட்டாசியில் பெரியம்மா ஒருவர் கேட்டார். அறுபதைத் தாண்டியவர். சுகருக்கு எங்கள் மெட்ஃபார்மின் மாத்திரையை நான்தான் மாதாமாதம் கொடுத்துவந்தேன். "காலைல பத்து மணிக்கு மேல சாப்புடுங்க பெரிம்மா, ராத்திரி ஏழுக்கு முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஐந்தாறு நாள் கழித்து, காலை ஒன்பது மணி இருக்கும். மக்காச்சோளக் கொல்லையில் களை வெட்டப் போன இடத்தில் அவர் விழுந்துவிட்டார் என்று ஒரு பையன் ஓடிவந்தான். போய்ப் பார்த்தால் வரப்பில் உட்கார வைத்திருந்தார்கள். புடவை முழுக்க வியர்வை. கை கிடுகிடுவென்று ஆடுகிறது. என்னைப் பார்த்து வேறு யார் பெயரையோ சொல்லிக் கூப்பிடுகிறார். விரலைக் குத்தினால் 48. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது, அதனால் பிழைத்தோம். பக்கத்துக் கொட்டகையிலிருந்து சர்க்கரை வாங்கி மூன்று ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். பதினைந்து நிமிடம் கழித்து 66. இன்னும் ஒரு முறை. பிறகு 91. களைக்கொட்டு அவர் மடியிலேயே இருந்தது. அதை எடுக்க விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தார்.

மெட்ஃபார்மின் தனியாக இப்படிக் கீழே தள்ளாதே என்று யோசித்தபடி வீட்டில் மாத்திரைகளைக் கேட்டேன். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் கிளைமிபிரைட். வெளியே எங்கேயோ காட்டியபோது எழுதிக் கொடுத்தது, இரண்டு வருடமாக அதையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். விடிகாலையில் அந்த மாத்திரை, வெறும் வயிறு, வெயிலில் களை. அந்த மாத்திரையின் வேகம் ஒரு நாள் முழுக்க இருக்கும், சர்க்கரை ஏறிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. அதனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மறுநாள் வரை வைத்துப் பார்த்தார்கள். நான் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவர் அங்கே படுத்திருக்க மாட்டார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் பாயை விரித்து, வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் அதன்மேல் கொட்டச் சொல்கிறேன். எங்கள் மாத்திரை, கடை மாத்திரை, மகன் சென்னையிலிருந்து அனுப்பியது, நாட்டு மருந்து, எல்லாம். கிளைமிபிரைட், கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு, இன்சுலின், இதில் எது இருந்தாலும் டாக்டரைப் பார்க்காமல் ஒரு வேளையும் தள்ளக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிற தாய்மார்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இந்தப் பேச்சே கிடையாது. அல்சர் இருக்கிறவர்களும் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். நூறு நாள் வேலைக்கும் கரும்பு வெட்டவும் போகிறவர்கள் காலைச் சாப்பாட்டை விட வேண்டாம், ராத்திரியை முன்னால் இழுத்தால் போதும். சித்திரை வெயிலில் உப்புப் போட்ட நீராகாரம் குடிப்பதை யாரும் விரதம் கெட்டது என்று நினைக்க வேண்டாம்.

நோன்பு பிடிக்கிறவர்களிடம்தான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். 2023-இல் ரம்ஜான் மார்ச் கடைசியில் வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே சுகர் இருக்கிற ஒரு பாய் தன் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், எதை விடியுமுன் ஸஹருக்குப் போடுவது, எதை நோன்பு திறந்தபின் போடுவது, எதைக் குறைப்பது என்று எழுதி வாங்கி வந்தார். விரலைக் குத்திப் பார்த்தால் நோன்பு முறியாது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். எழுபதுக்குக் கீழே போனாலும் முந்நூறுக்கு மேலே ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதில் அவருக்குத் தடுமாற்றமே இல்லை. அந்த முன்யோசனையை நான் பெரியம்மாவுக்குச் செய்யவில்லை. பள்ளிவாசலில் காய்ச்சுகிற கஞ்சியையும் பாருங்கள்: அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, சில நாள் கறி. பசித்த வயிற்றுக்கு இதமாகவும் இருக்கும், சத்தாகவும் இருக்கும். அதோடு நிறுத்தாமல் எண்ணெயில் பொரித்ததை நாலு வாங்கித் தின்றால்தான் அந்த மாதத்திலேயே எடை கூடுகிறது.

இதெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு அக்காவிடம் கேட்டேன். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறவர். ஒரு வருடமும் தவறியதில்லை. எடை குறைக்க ராத்திரிச் சாப்பாட்டை முன்னால் இழுக்கச் சொன்னால் மூன்றே நாளில் விட்டுவிட்டார். "ஆறு நாளு பச்சத்தண்ணியில இருக்கறவங்களுக்கு இது ஏன்க்கா முடியல?" என்றேன். முற்றம் தெளித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அது சாமி பாக்குது. தெருவே சேந்து இருக்குது. ஏழாம் நாளு திருக்கல்யாணம், சாப்பாடு. இத யாரு பாக்குறா?"

எங்கள் ஊரைச் சுற்றி விரதத்துக்குப் பஞ்சமே இல்லை. புரட்டாசிச் சனி, கிருத்திகை, ரம்ஜான், இறையூர் மாதா கோயில்காரர்களுக்குத் தவக்காலம். எல்லாவற்றிலும் அவர் சொன்ன மூன்றும் இருக்கின்றன: பார்க்க ஒருவர், கூட இருக்க நாலு பேர், முடிகிற நாள். எடைக்காக இருக்கும் விரதத்தில் மூன்றுமே இல்லை. அதில் இருப்பவர் தனியாள். வீட்டில் எல்லோரும் ஒன்பதரைக்குச் சாப்பிடும்போது ஒருத்தி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எத்தனை நாள் முடியும்? மனஉறுதி இல்லை என்று அவர்களைச் சொல்வது நியாயமே இல்லை.

அந்த அக்காவையும் சேர்த்து ஏழு பேர் சேர்ந்தோம். ஆறே முக்கால் மணிக்கு அவரவர் தட்டோடு ஒரு வீட்டுத் திண்ணை. ஆரம்பத்தில் வீட்டு ஆண்கள் முணுமுணுத்தார்கள். பிறகு இரண்டு வீட்டில் எல்லோருமே ஏழு மணிக்கு மாறிவிட்டார்கள், அடுப்பு வேலையும் சீக்கிரம் முடிந்தது. சாப்பிட்டபின் சேலம் சாலைப் பக்கம் போகாமல் உள்தெருக்களிலேயே அரை மணி நேரம் நடப்போம். மாதம் ஒரு முறை டேப். அதைவிட அவர்களுக்குப் பிடித்தது பாவாடை நாடாதான். முடிச்சு விழுகிற இடத்தில் நாடாவில் பேனாவால் ஒரு புள்ளி வைப்போம். அடுத்த மாதம் முடிச்சு எங்கே விழுகிறதோ அங்கே இன்னொன்று. வெள்ளை நாடாவில் நீலப் புள்ளிகள், ஒன்றுக்கொன்று ஒரு விரல்கடை, அரை விரல்கடை. எடை அசையாத மாதத்திலும் சில பேருக்குப் புள்ளி நகர்ந்திருக்கும். நடந்ததால் இடுப்புக் கொழுப்பு குறைந்திருக்கும். ஆண்களிடம் அரைஞாண் கயிற்றைக் காட்டச் சொல்வேன். அது எந்த மெஷினையும்விடச் சரியாகச் சொல்லும். ஒரு நாள் கல்யாண வீட்டில் பத்து மணிக்குப் பிரியாணி சாப்பிட்டுவிட்டால் அதோடு எல்லாம் போயிற்று என்று இரண்டு பேர் வராமல் நின்றுவிட்டார்கள். போய்க் கூப்பிட்டுக்கொண்டு வந்தோம். வாரத்துக்கு ஐந்து நாள் சரியாக இருந்தால் போதும் என்று பேசி வைத்துக்கொண்டோம். மாதம் இரண்டு கிலோவுக்கு மேல் குறைக்க யாரையும் விடுவதில்லை. அதிவேகமாக இறங்கினால் பித்தப்பையில் கல் வரலாம், விட்டது அப்படியே திரும்பி வரும்.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழைத்தெரு ஆயா, "நீ ஒடம்ப பாத்துக்கிறியா தாயி" என்று கேட்டவர். அவருக்கும் எடை அதிகம், முழங்கால் வலி. மாத்திரைகளையெல்லாம் பார்த்து, டாக்டரையும் கேட்டுவிட்டு, ஏழு மணிக் கணக்கை அவரிடம் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு தூக்குவாளியை எடுத்துவந்து திறந்து காட்டினார். நாலு முறுக்கு, ஒரு துண்டு வெல்லம், கொஞ்சம் பொட்டுக்கடலை. "ராத்திரி தலமாட்டுல இது இருந்தாதான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார். சின்ன வயதில் கூழுக்கே வழியில்லாத வருடங்களைப் பார்த்தவர். தம்பிக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்த ராத்திரிகள் அவருக்கு நாள் நட்சத்திரத்தோடு நினைவிருக்கின்றன. "பட்டினிய நான் பாத்துட்டேன் தாயி. இனிமே என்ன இருக்கச் சொல்லாத."

வடலூர் எங்களுக்குத் தூரமில்லை. அங்கே 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. பசியை நோய் என்று சொன்ன மண் இது. ஒரு காலத்தில் பசித்திருந்த உடம்பிடம் போய், இப்போது பசித்திரு, நல்லது என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. அவரிடம் மணிக்கணக்கை விட்டுவிட்டேன். நாலு டீயில் சர்க்கரையை மட்டும் பாதியாக்கினோம். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் போடுகிறவர், நாலு டம்ளருக்கு எட்டு ஸ்பூன், அது நாலானது. முறுக்குக்குப் பதில் வறுத்த மல்லாட்டை. தூக்குவாளி அதே இடத்தில் இருக்கட்டும் என்றேன். ஒரு வருடத்தில் மூன்று கிலோ குறைந்தார். முழங்கால் கொஞ்சம் பரவாயில்லை என்கிறார்.

இப்போது மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற நாட்களில் எனக்குக் கீழைத்தெருவிலேயே இருட்டிவிடும். திண்ணைக்கு ஆறே முக்காலுக்குப் போய்ச் சேர முடியாது. போன வாரமும் அப்படித்தான், யாருக்கோ பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு வாசலிலிருந்து ஆயாவின் குரல். "மணி ஏழாவப் போவுது. மெஷின வச்சிட்டு வா." போனேன். தட்டில் கொஞ்சம் சோறு, கொள்ளு ரசம், முட்டை இரண்டு உரித்து வைத்திருந்தார். நான் சாப்பிட்டு முடிக்கிற வரை கம்பத்தில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.